உடனே வலிக்காதது

(வெல்டர் பிரிவு மாணவர்களும் பயிற்றுநர்களும் கூடிய அவையில் கொடைக்கானலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெல்டிங் கற்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தொழில் தரக்கூடிய நோய்களைப் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது எனக்குத் தந்த தலைப்பு. வேறு ஊராக இருந்தால் நேராகப் பட்டறைக்குள் நுழைந்திருப்பேன். கொடைக்கானலில் நின்றுகொண்டு இந்தத் தலைப்பில் பேசுகிறவன் முதலில் பாதரசத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறக்கும் முன்பே அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் 'தெர்மாமீட்டர் ஃபாக்டரி' என்பார்கள்.

செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்கு மேலே இருந்த தொழிற்சாலை அது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிவந்த செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை, 1980களின் தொடக்கத்தில் இங்கே இடம் மாறி வந்தது. 1987-இல் உலக அளவில் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. பின்னர் இங்குள்ள ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. மலையில் நிரந்தர வேலை கிடைப்பது அரிது. சீருடை, சம்பளம், பெரிய கம்பெனியின் பெயர் எல்லாம் சேர்ந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? இளம் வயதில் உள்ளே போனவர்கள் நிறையப் பேர்.

2001 மார்ச் 7 அன்று மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கின் முன் ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தாரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் கூடினார்கள். ஆலையிலிருந்து வந்த, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கும் மேல் அங்கே கிடந்தது. மறுநாள் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் என்பது பயிற்றுநர்களுக்குத் தெரியும். உறுதிமொழி எடுத்து, பேட்ஜ் குத்திக்கொள்ளும் நாள். அது கழிந்த மூன்றாம் நாளில்தான் இந்த ஊருக்கு அந்தக் கிடங்கு தெரியவந்தது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி துறைமுகம் வழியாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியது.

கழிவு போய்விட்டது. அதைக் கையில் அள்ளியவர்கள் இங்கேயேதான் இருந்தார்கள். எங்களுக்கு அதன் ஆபத்தை யாரும் முறையாகச் சொல்லவில்லை, வேலைத் துணியோடு வீட்டுக்குப் போனோம், நடுக்கமும் சிறுநீரகக் கோளாறும் வந்தன என்று அவர்கள் சொன்னார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் சரியாக இருந்தன, ஊழியர்களின் உடல்நலக் கேடுகளுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் சொன்னது. 2006-இல் முன்னாள் ஊழியர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அமைத்த ஒரு நிபுணர் குழு, இன்றைய நோய்களைப் பழைய பாதரசத்தோடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது. 2011-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தாக்கல் செய்த அறிக்கையோ, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல் நோக்கிலேயே ஆதாரம் தெரிகிறது என்றது. 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் பரவி, உலகமே கொடைக்கானல் எங்கே என்று தேடியது. 2016 மார்ச்சில் 591 பேருக்குக் கருணைத் தொகை தர நிறுவனம் உடன்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. தவறு எதையும் நிறுவனம் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நீதிமன்ற வரலாற்றை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். என் கவலை வேறு. ஒருவர் பத்தாண்டு, பதினைந்தாண்டு தன் மூச்சுக்குள் போவது என்னவென்று தெரியாமல் வேலை செய்ய முடிந்தது எப்படி?

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதில்லை, இருமலைக் கிளப்புவதில்லை. நம் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. 20 டிகிரி வெப்பத்தில், மூடிய அறையில் பாதரசம் சிந்திக் கிடந்தால் காற்று அதைப்போல இருநூறு மடங்குக்கும் மேல் தாங்கும். மூச்சில் போகும் ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு உடம்பிலேயே தங்கிவிடும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். விரல் நடுங்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பழனி மலைக்காரர்களுக்குப் பாதரசம் அந்நியப் பொருள் அல்ல. அடிவாரத்தில் போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தால் செய்ததாக மரபு சொல்லும் முருகன் இருக்கிறான். ஒன்பது நஞ்சுகள் சேர்ந்து மருந்தானது என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. பாதரசத்தை இறுக்கிச் செய்த ரசமணி கட்டிக்கொள்வது பெருமை. உள்ளங்கையில் உருளும் பாதரச முத்தை ஆலைத் தொழிலாளி ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையிடம் காட்டினால் அதை அறியாமை என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஒப்பமாட்டேன். அவருக்கு அந்தப் பொருளைப் பற்றி ஏற்கெனவே ஓர் அறிவு இருந்தது. ஆலைக்குள் அது என்ன செய்யும் என்ற அடுத்த அறிவைக் கொடுக்க வேண்டியவர் வேறு ஒருவர். போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 111ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தன் வேலை தன் உடம்புக்கு என்ன செய்யும் என்ற தகவலை முதலாளியிடமிருந்து பெறுவது ஒவ்வொரு தொழிலாளியின் உரிமை என்றது அது. கொடைக்கானல் ஆலை மூடப்படும்போது அந்தப் பிரிவுக்கு வயது பதினான்கு.

இனி பட்டறைக்கு வருவோம்.

உடம்பு நல்ல வாத்தியார்தான், ஆனால் உடனே வலிக்கும் பாடத்தை மட்டுமே நடத்தும். ஷீல்டு இல்லாமல் டேக் வைத்தவனுக்கு அன்று ராத்திரியே கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல இருக்கும். பட்டறையில் 'ஆர்க் அடிச்சிருச்சு' என்போம். புற ஊதாக் கதிர் விழியின் மேற்பரப்பைச் சுடுவதால் வருவது அது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வலிக்கும், ஓரிரு நாளில் ஆறும். உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம், கண்ணுக்குள் கிருமி புகும். கண் மருத்துவரிடம் போங்கள். ஆனால் ஒரு முறை பட்டவன் அடுத்த முறை ஷீல்டை மறப்பதில்லை. இந்த ஊர் சூரிய ஆய்வகத்தில் நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனைப் பார்க்கிறார்கள். யாரும் வெறும் கண்ணால் பார்த்ததில்லை. உங்கள் ராடு நுனியில் இருப்பதும் ஒரு சின்னச் சூரியன், அதற்குப் பத்தாம் எண் கருப்புக் கண்ணாடி வேண்டும் என்பதை எந்தப் பயிற்றுநரும் சொல்லிக் கொடுத்துவிடுவார். அந்தப் பாடத்துக்கு நான் தேவையில்லை.

புகை அப்படி இல்லை. அது பாதரசத்தின் சாதி.

6013 ராடு எரியும்போது எழும் புகையில் இரும்போடு மாங்கனீசும் இருக்கிறது. துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கு முடி பிடிக்காது, கைக்குட்டையும் பிடிக்காது. மாங்கனீசு பல ஆண்டுகள் போய்ச் சேர்ந்தால் நரம்பைத் தாக்கும். நடை மாறும், முகம் இறுகும், பார்க்கின்சன் நோய் போலத் தோன்றும். எஸ்.எஸ். என்னும் துருப்பிடிக்காத எஃகு வேலையில் ஆறு இணைதிறன் குரோமியமும் நிக்கலும் வரும். உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகை முழுவதையுமே மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. எஸ்.எஸ். புகை மட்டுமல்ல, எம்.எஸ். என்னும் சாதாரண எஃகின் புகையும் சேர்த்துத்தான். இதைக் கேட்டபின் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை 2019-இல், சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்ற பழைய நிலையைக் கைவிட்டது. அங்கே வெல்டர்களுக்கு நிமோனியாத் தடுப்பூசியும் பரிந்துரைக்கிறார்கள். உலோகப் புகையை இழுக்கும் நுரையீரலில் அந்தக் கிருமி எளிதாகக் குடியேறுகிறது என்பது பழைய இறப்புக் கணக்குகளிலிருந்தே அவர்கள் கண்டது. நம் ஊரில் எந்த வெல்டருக்கும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மலை ஊர் வெல்டருக்கென்றே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று, ஷட்டர். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வெல்டர் தெருவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார், வெயில் தள்ளிவிடும். இங்கே மதியம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கினால் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே வேலை நடக்கும். மழை மாதங்களில் சொல்லவே வேண்டாம். குளிருக்கு அடக்கமாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் புகையும் அடக்கமாகவே இருக்கிறது.

இரண்டு, ஜி.ஐ. பைப். ஈரம் மிகுந்த ஊர், அதனால் கேட், கூரைச் சட்டம், தண்ணீர்க் குழாய், விடுதிகளின் கைப்பிடி எல்லாமே துத்தநாகம் பூசியது. அதன்மேல் அப்படியே ராடு வைத்தால் வெள்ளை வெளேரென்று புகை எழும். அதை இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் வாயில் இனிப்பு கலந்த உலோகச் சுவை வரும், பிறகு உடம்பு உதறும், காய்ச்சல் அடிக்கும், மூட்டெல்லாம் வலிக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ தானே இறங்கிவிடும். உலோகப் புகைக் காய்ச்சல் என்று மருத்துவம் சொல்வது இது. சமவெளியில் என்றால் இது ஏன் வந்தது என்று யோசிப்பார்கள். இங்கே யோசிப்பதில்லை. பனியில் நின்றாய், குளிர் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்து, கம்பளி போர்த்திப் படுக்க வைப்பார்கள். காய்ச்சல் போய்விடும், கஷாயத்துக்குப் பெயர் கிடைக்கும், பைப் தப்பித்துக்கொள்ளும். தொடர்ந்து வேலை செய்தால் உடம்பு சில நாள் பழகிப்போகும், விடுமுறை கழிந்து வந்தால் பழக்கம் விட்டுப்போய்த் திரும்ப அடிக்கும். அதனால்தான் ஆங்கிலேயப் பட்டறைகளில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொல்லியிருக்கிறார்கள். பால் குடித்தால் வராது என்பது ஊர் ஊராக இருக்கும் நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. குடியுங்கள், நல்லதுதான், ஆனால் அது கவசம் ஆகாது. இணைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு ராடு வையுங்கள். சுரண்டும் தூசுக்கும் முகமூடி வேண்டும். வேலை கூடுதலாகும், பற்றவைப்பும் நன்றாக இருக்கும்.

இப்போது பயிற்றுநர்களிடம் பேசுகிறேன்.

எட்டாம் வகுப்பு தேறிய பிள்ளை ஓராண்டில் வெல்டராக வெளியே போகிறது. பாதுகாப்பு என்ற பாடம் முதல் வாரத்தில் நடக்கிறது. செருப்புப் போடாதே, தளர்ந்த சட்டை போடாதே, கண்ணாடி போடு. எல்லாம் 'போடு', 'போடாதே'தான். அதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். பிறகு பத்துப் பதினொரு மாதம் நாம் பார்ப்பது பீடு நேராக வந்ததா, ஸ்லாக் உள்ளே மாட்டியதா, துளை விழுந்ததா என்றுதான். பிள்ளையின் தலை எங்கே இருந்தது என்று நாம் பார்ப்பதில்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. மதிப்பெண் இல்லாததை மாணவன் கற்கமாட்டான். இதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொழில்நோய்ப் பாடத்தைத் தனி வகுப்பாக நடத்துவதை விட்டுவிட்டு, ராடு பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அதே நிமிடத்தில் அதே வாத்தியார் நடத்த வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. வெளியிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்து ஒரு மணி நேரம் படம் காட்டினால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். மறுநாள் அவர்கள் பார்க்கப்போவது உங்களைத்தான். நீங்கள் முகமூடி இல்லாமல் குனிந்து செய்து காட்டினால், அந்த மருத்துவர் சொன்னது அங்கேயே தீர்ந்தது.

செய்து காட்ட ஒரு வழி சொல்கிறேன். பட்டறையின் விளக்கை அணையுங்கள். ஒரு மாணவனை வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்து பற்றவைக்கச் சொல்லுங்கள். புகைக்குப் பின்னாலிருந்து ஒரு வலுவான டார்ச் வெளிச்சம் அடியுங்கள். மற்ற மாணவர்கள் ஷீல்டு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். அவன் ஆர்க்கை நிறுத்திய அந்த நொடியில் ஷீல்டை இறக்கிப் பார்த்தால், வெறும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புகைகூட அந்த ஒளியில் வெள்ளையாகத் தெரியும். நேராக மேலெழுந்து, ஷீல்டின் அடிப்பக்கமாக நுழைந்து, மூக்கருகே சுழன்றுகொண்டிருக்கும். பிறகு அவனையே ஒரு பக்கமாகத் தள்ளி உட்காரச் சொல்லி, காற்று குறுக்காகப் போகும்படி வைத்து மறுபடி அடியுங்கள். செலவு ஒரு டார்ச். தலையை எங்கே வைப்பது என்பதை அதற்குப் பிறகு நீங்கள் சொல்லத் தேவையிருக்காது. பாதரச ஆலையில் இப்படி ஒருவர் கண்ணுக்குக் காட்டியிருந்தால் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

ஃபேன் வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ராடு வேலைக்கு மிதமான குறுக்குக் காற்று கெடுதல் செய்யாது. மறைவாயு பாய்ச்சிச் செய்யும் மிக், டிக் வேலையில் ஃபேன் காற்று அந்த வாயுவைக் கலைத்துவிடும், பீடில் துளை விழும். அதனால்தான் நல்ல வெல்டர் ஃபேனை நிறுத்துகிறார். வேலை சுத்தமாக வேண்டும் என்று நினைக்கிறவர் அதற்காகத் தன் நெஞ்சைக் கொடுக்கிறார். அவருக்கு 'ஃபேன் போடு' என்று சொல்வது தொழில் தெரியாதவன் பேச்சு. புகை எழும் இடத்துக்கு அருகிலேயே குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும், மூடிய இடமென்றால் கண்டிப்பாக. ஆர்கான் நிறைந்த தொட்டிக்குள் தலையை விட்டால் மூச்சு அடைக்கிறது என்று உணரும் முன்பே மயக்கம் வந்துவிடும். குளோரின் கலந்த கரைப்பானால் துடைத்த இரும்பை ஈரம் காயும் முன் பற்றவைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்ல வீசிய வாயு அது. இவ்வளவையும் தொழில்நுட்பமாகவே சொல்லுங்கள், அறிவுரையாகச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் தொழில்நுட்பத்துக்குக் காது கொடுப்பார்கள்.

வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம் என்பதை இந்த ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே தங்கைகளும் இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பழைய பெயின்ட் அடித்த இரும்பில் ஈயம் இருக்கலாம், ஈயம் கருவிலுள்ள பிள்ளை வரை போகும். உண்டாகியிருக்கும் காலத்தில் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்வது சலுகை கேட்பதாகாது.

சட்டம் இவர்களைக் காக்குமா என்று கேட்பீர்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. நம் கிரில் பட்டறைகளில் மூன்று பேர், நான்கு பேர். 111ஏ பிரிவு அந்த ஷட்டருக்குள் நுழைந்ததில்லை. அதாவது, பெரிய ஆலையில் தகவல் சொல்ல வேண்டிய முதலாளி ஒருவராவது சட்டத்தில் இருந்தார். தெருப் பட்டறையில் அவரும் இல்லை. அங்கே போகப்போகும் பிள்ளைக்கு அந்தத் தகவலைச் சொல்லக்கூடிய கடைசி மனிதர் அவனுடைய பயிற்றுநர்தான். பொறுப்பைத் தூக்கி உங்கள் தலையில் வைக்கிறேன் என்று கோபிக்காதீர்கள். நியாயமில்லைதான், ஆனால் நிலைமை அதுதான்.

இத்தாலியில் பெர்னார்தினோ ராமசீனி என்ற மருத்துவர் 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாதரசத்தால் பொன்முலாம் பூசுகிறவர்களும் கண்ணாடிக்கு ரசம் பூசுகிறவர்களும் நடுங்கிச் சாவதை அதில் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வியையும் மருத்துவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் புறநோயாளிச் சீட்டில் பெயர், வயது, பால் இருக்கிறது. தொழில் என்ற இடம் இருந்தாலும் 'கூலி' என்று எழுதி முடித்துவிடுகிறோம். இங்கு வந்திருக்கும் மருத்துவர்களை நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். நாற்பத்தைந்து வயதில் கை நடுங்கி வருகிறவரிடம், மூச்சு வாங்கி வருகிறவரிடம், என்ன வேலை, எத்தனை வருடம், எந்த உலோகம் என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்கும்போது அவரிடம் பதில் இருக்க வேண்டும். கொடைக்கானல் வழக்கில், அன்று உடம்பில் எவ்வளவு பாதரசம் இருந்தது, இன்றைய நோய் அதனால் வந்ததா என்பதைக் காட்டுவதே பெரும்பாடாக இருந்தது. அந்த நிலத்தைச் சுத்தம் செய்யக் கடைசியில் ஓர் அளவு வகுத்தார்கள், ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்று. மண்ணுக்கு எண் கிடைத்தது. அதில் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, இந்த அறக்கட்டளை சார்பில் வெளியே போகும்போது ஆளுக்கு ஒரு சின்னப் பாக்கெட் நோட்டு தரச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பட்டறை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எம்.எஸ்.ஸா, எஸ்.எஸ்.ஸா, ஜி.ஐ.யா, எந்த ராடு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், உள்ளேயா வெளியேயா, எப்போது காய்ச்சல் வந்தது என்று வாரம் ஒரு வரி எழுதினால் போதும். வேலை மாறும்போது நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் வரியை இன்று ராத்திரியே எழுதுங்கள்.